வாய் திறக்காத கூழைக்கடா

வேடன்குளம் ஏரியில் பறவைகள் ஏராளம். மார்கழி மூடுபனியில் எதிரே வருவது எதுவும் தெரியாது. அதனால் ஏரி நடுவே மண்திட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி காவல் நின்றது. சிறகோசையை வைத்தே யார் எங்கே பறக்கிறார்கள் என்று அது கண்டுபிடித்துவிடும். "நீ ஏறு, நீ இறங்கு" என்று கத்தி வழி சொல்லும். கேட்ட பறவை அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் ஏரியின் கட்டுப்பாடு.

ஒரு விடியற்காலையில், கூழைக்கடா ஒன்று அலகுப்பை நிறைய மீனோடு கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் ஆள்காட்டிக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது பாதி மீன் நழுவி விழுந்துவிட்டது. குஞ்சுகள் பசியில் அழுதது இன்னும் அதன் காதில் ஒலித்தது.

"கூழைக்கடா அக்கா! எதிரே நாரை வருகிறது! பனைமர உயரத்துக்கு ஏறு!" என்று ஆள்காட்டி கத்தியது.

'சொன்னபடி செய்தால் போதாதா? வாயை வேறு திறக்க வேண்டுமா?' என்று நினைத்த கூழைக்கடா, சத்தமில்லாமல் மேலே ஏறியது. மீன் குலுங்காமல் இருக்கச் சிறகையும் அடிக்கவில்லை. காற்றில் அப்படியே மிதந்தது.

"அக்கா! காதில் விழுந்ததா?"

பதில் இல்லை. சிறகோசையும் கேட்கவில்லை. அக்கா ஏறியதா இல்லையா என்று ஆள்காட்டிக்குத் தெரியவில்லை.

"நாரை அண்ணே! அக்காவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது! நீ பனைமர உயரத்துக்கு ஏறிவிடு!"

"பனைமர உயரத்துக்கு ஏறுகிறேன்!"

கூழைக்கடா திடுக்கிட்டது. பனைமர உயரமா? அங்கேதானே நான் இருக்கிறேன்!

சுற்றிலும் வெள்ளைப் பனி. எங்கேயோ சிறகடிக்கும் சத்தம். இடப்பக்கமா? வலப்பக்கமா? இறங்கிவிடலாமா? நாரையும் இறங்கினால்? சத்தம் நெருங்கியது. பனிக்குள் கறுப்பாக ஏதோ பெரிதாகிக்கொண்டே வந்தது. நீண்ட அலகு. நேராகக் கூழைக்கடாவின் கழுத்தை நோக்கி!

"நான் மேலே இருக்கிறேன்! இறங்கு! இறங்கு!" என்று அலறியது கூழைக்கடா.

மீன்களெல்லாம் கொட்டின. நாரை தலைகீழாகப் பாய்ந்தது. அதன் சிறகு கூழைக்கடாவின் வயிற்றை உரசிக்கொண்டு போனது. இரண்டு மூன்று இறகுகள் பனியில் சுழன்று மறைந்தன.

இரண்டும் தள்ளாடியபடி மண்திட்டில் வந்து இறங்கின.

"பாவி! என் உயிரே போயிருக்குமே! முதுகெல்லாம் மீன் நாற்றம் வேறு!" என்று நாரை மூச்சு வாங்கியது.

"நான் சொன்னபடிதானே ஏறினேன்?" என்று கூழைக்கடா விம்மியது.

"ஏறியது உனக்குத் தெரியும் அக்கா. எனக்கு எப்படித் தெரியும்?" என்றது ஆள்காட்டி.

கூட்டில் குஞ்சுகள் தாயின் வெறும் அலகைக் கொத்திப் பார்த்து அழுதன. கூழைக்கடா அவற்றை அணைத்துக்கொண்டது. பிறகு மறுபடியும் பனிக்குள் பறந்தது. இந்த முறை பாதிப் பை மீன் மட்டுமே அள்ளியது. வாயைத் திறந்தாலும் சிந்தாத அளவு.

"அக்கா, கொஞ்சம் இறங்கு!"

"இறங்குகிறேன்!" என்ற குரல் ஏரி முழுவதும் கேட்டது.

சொன்னதைக் கேட்டு நடந்தால் மட்டும் போதாது. கேட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் நாமும் பிழைப்போம், எதிரே வருபவரும் பிழைப்பார்.