வெளுத்த இறால்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தில்ஷாத்துக்குத் தெரியாத இறால் கிடையாது. முப்பது வயசுதான். அவளுடைய ஒரே சீடர் பொன்னுரங்கத்துக்கோ அறுபது தாண்டியாயிற்று. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைக் 'குருவம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவளும் வேண்டாமென்று சொன்னதில்லை, சொல்வானேன்!

ஒருநாள் காலையில் ஒரு டப்பாவில் தன் வளர்ப்பு இறால்களோடு அவள் முன் வந்து நின்றார்.

"குருவம்மா, தை பொறக்கறதுக்குள்ள ஒரு குஞ்சாவது வரலேன்னா, தொட்டியத் தூக்கிட்டு அந்த எடத்துல வாஷிங் மெஷின் வெப்பாளாம் வீட்டம்மா. சொன்னா செய்வா. ஆசையா வளர்த்துட்டேன், மனசு தாங்கல. இதுங்க ஏன் முட்டை போடல?"

"ஆண் எது, பெண் எதுன்னு தெரியுமா சார்?"

"தெரியாம? பெருசு ஆண், சின்னது பெண். டிக்கெட் எடுக்காதவன ஒரே பார்வையில புடிச்சவன் நான்!"

தில்ஷாத் டப்பாவைத் திறந்தாள். எல்லாம் குங்குமச் சிவப்பு. ஒன்றைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"வயிறு கீழ வளைஞ்சிருக்கு பாருங்க, முட்டையச் சுமக்கத்தான். தலைக்குப் பின்னால மஞ்சத் திட்டு தெரியுதா? உள்ள முட்டை உருவாகுது. நீங்க கொண்டாந்தது எல்லாமே பெண்."

"எல்லாமா! அப்போ ஆண் எப்படியிருக்கும்?"

"சின்னதா, ஒல்லியா. வயிறு நேரா இருக்கும். நெறம் வெளுத்திருக்கும்."

பொன்னுரங்கத்தின் முகம் சுண்டிப் போனது.

"அந்த மாதிரி நெறைய இருந்துதே குருவம்மா. நோஞ்சான்னு நெனச்சு, பொறுக்கியெடுத்து மீன் தொட்டியில போட்டேன்."

"மீன் என்ன பண்ணுச்சு?"

"விருந்துதான், வேறென்ன!" என்றார். அடுத்த நொடியே, பாவம் பண்ணிவிட்டோமே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

தில்ஷாத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். டப்பாவின் அடியில் கண்ணாடிபோல ஒரு வெற்று இறால் ஓடு கிடந்தது. பெண் ஒன்று வழியிலேயே தோலுரித்திருக்கிறது. அந்தப் பெண் இறாலைத் தேடியெடுத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, தன் தொட்டியொன்றில் விட்டாள்.

அந்தத் தொட்டியில் இருந்ததெல்லாம் வெளுத்த பொடிசுகள், பாசியைக் கொறித்துக்கொண்டு சும்மா கிடந்தவை. பெண் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒன்று கிளம்பியது. பிறகு எல்லாம் கிளம்பின. மேலும் கீழுமாக, கண்ணாடியில் முட்டி மோதி, தொட்டியையே இரண்டாக்கிவிட்டன.

"அடேங்கப்பா! இந்த நோஞ்சானுக்கா இவ்ளோ வேகம்?"

"தோலுரிச்ச பெண்ணோட வாசனை தண்ணியில கலந்துடுச்சு. அவளைத் தேடுறாங்க. இதுல கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க. வாஷிங் மெஷினுக்கு வேற எடம் பார்க்கச் சொல்லுங்க வீட்ல."

பொன்னுரங்கம் வலையை வாங்கித் தண்ணீரில் விட்டார். பழக்கம் போகுமா? வலை நேராக இருப்பதிலேயே சிவந்ததன் பின்னால் ஓடியது. அது அவரே கொண்டுவந்த பெண். நாக்கைக் கடித்துக்கொண்டு வலையை எடுத்துவிட்டார்.

"என் கண்ணை இனி நம்ப மாட்டேன் குருவம்மா. மறுபடி தப்பு பண்ணாம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

தில்ஷாத் அந்தக் கண்ணாடிக் குவளையைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எதைத் தூக்கிப் போடத் தோணுதோ, அதை முதல்ல இதுல விட்டு வெளிச்சத்துல பாருங்க சார்."