யாரும் கேட்காத தண்ணீர்

கடலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிற வேலை கஸ்பார் தலையில் வந்து விழுந்தது. இது வலைக்காரர்களுக்கு, இது தூண்டில்காரர்களுக்கு, இது பாசி எடுக்கும் பெண்களுக்கு, இது கப்பல் போகிற பாதைக்கு. மீன் ஏலத்தில் கூவிக் கூவியே ஆளானவன் அவன். கரையோர மூன்று ஊரையும் உட்காரவைத்து, பதினான்கு மாதம் தொண்டை கட்டப் பேசி, கையெழுத்தும் வாங்கிவிட்டான்.

கண்ட பலன், மூன்று ஊரிலும் அவனோடு பேச ஆள் இல்லாமல் போனது. டீக்கடையில் அவன் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். பக்கத்து ஊருக்குத்தான் அள்ளிக் கொடுத்தான் என்று ஒவ்வொரு ஊரும் நம்பியது.

ஒரு நாள் விடிந்ததும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அமலோற்பவம் டீச்சரிடம் போனான். வலைத் தகராறுகளைத் தீர்க்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவனைவிட ஒன்பது வயது இளையவர்.

"நாளைக்கு மீன்துறை ஆபீஸ்ல கொடுத்துட்டா முடிஞ்சது. தப்பிருந்தா சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். "இது யாருக்கு?"

"அது மீன் வளர்க்கிற கம்பெனிக்கு. கூண்டு போடப் போறாங்க."

"ஊர்க்காரங்க கேக்கலையா?"

"மூணு ஊர்லயும் மூணு தடவை கேட்டேன். ஒரு பய வாயத் தொறக்கல. சும்மா கெடக்கிற தண்ணிதானே?"

"நீங்க அங்க போயிருக்கீங்களா?"

கஸ்பார் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

டீச்சர் தன் தம்பியின் வள்ளத்தில் அவனை ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் எஞ்சின் இல்லாத சின்ன வள்ளம் ஒன்று கயிற்றில் இழுபட்டு வந்தது. அந்தக் கட்டத்துக்குள் வந்ததும் அவனைச் சின்ன வள்ளத்துக்கு மாற்றி, நங்கூரம் போட்டு, கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

"டீச்சர், இது என்ன கூத்து?"

"சாயங்காலம் வாறேன்."

டீச்சரின் வள்ளம் கண்ணில் படாத தூரம் போகிறவரைக்கும் கத்தித் தீர்த்தான். பிறகு கத்துவதற்கும் ஆள் இல்லை. போனில் சிக்னல் இல்லை. வெயில் ஏறியது. கரை ஒரு கோடாகி, கண் கூச, அந்தக் கோடும் கரைந்துபோனது. உலகத்தில் தன் பெயர் தெரிந்த ஒருத்தராவது இருக்கிறார்களா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏலம் கூவுகிற குரலில் தன் பெயரைத் தானே ஒரு தடவை கூவிப் பார்த்தான். தண்ணீர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மதியம் தாண்டி ஒரு வள்ளம் அவனை நோக்கி வந்து எஞ்சினை நிறுத்தியது.

"என்னவே, எஞ்சின் செத்துட்டா? கயிறு எறியட்டா?"

"எஞ்சினே கெடையாதுவே. சும்மா இருக்கேன்."

"சும்மா இருக்கதுக்கு வேற எடமே கெடைக்கலியா? ஆங், கட்டம் போடுத கஸ்பாரா! ஒமக்கு நல்லா வேணும்." வந்தவன் ஒரு தண்ணீர் பாட்டிலை அவன் மடியில் எறிந்துவிட்டுப் போனான்.

அடுத்த வள்ளம் வேறு ஊர். அதே கேள்வி, அதே ஏச்சு. நான்கு மணிக்குள் பதினோரு வள்ளம் வந்துவிட்டது. பதினோராவது வள்ளத்துக்காரனை கஸ்பார் விடவில்லை.

"ஒம்ம ஊரு மேக்கேல்லா இருக்கு? இங்கே எதுக்குச் சுத்தி வாரீரு?"

"எஞ்சின் நின்ன வள்ளத்த நீரோட்டம் இங்கதான்வே கொண்டாந்து தள்ளும். எவனும் கெடக்கானான்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போறது. அந்த வள்ளம் சிக்கிரக் கூடாதுன்னுதான் இங்க ஒருத்தனும் வலை விரிக்கதில்ல."

"டீசல் ஆகுமே?"

"ஆகத்தான் செய்யும். ஒருநாள் நானும் இங்க கெடப்பேம்லா."

"இத ஏன்வே கூட்டத்துல சொல்லல?"

"நீரு என்ன கேட்டீரு? ஒங்களுக்கு எந்த எடம் வேணும்னு கேட்டீரு. இந்த எழவெடுத்த எடம் யாருக்குவே வேணும்?"

சாயங்காலம் டீச்சர் வந்தபோது கஸ்பாரின் மடியில் வரைபடம் விரிந்து கிடந்தது. கம்பெனியின் பெயரை அவன் அடித்திருந்தான்.

"வெறுமனே விட்டா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டான் டீச்சர். எல்லாக் கட்டத்துலயும் ஒரு பேர் இருக்கணும்பான். ஒரு ஊர் பேரப் போட்டா மத்த ரெண்டு ஊரும் என்னைக் கொன்னுரும். யார் பேரத்தான் எழுத?"

டீச்சர் குனிந்து அவனுடைய வள்ளத்தில் கயிற்றைக் கட்டினார்.

"இன்னைக்கு வந்தவங்க, தூரத்துல உங்களை யாருன்னு நெனச்சு வந்தாங்க?"

"யாருன்னு நெனச்சிருப்பான்? எவனோ ஒருத்தன் தனியாக் கெடக்கான்னுதான்."

"அவன் பேரையே எழுதுங்க."