அந்தியில் குத்திய மீன்

பனிமலைக் காட்டில் நெடுமூக்கி என்றொரு நாரை இருந்தது. குளிர்காலத்திலும் பட்டினி கிடக்காத நாரை அது. ஏரி முழுக்க உறைந்து பாறையாகக் கிடந்தாலும், நடுவில் ஒரே ஒரு துளை மட்டும் திறந்திருக்கும். அதைத் திறந்து வைத்திருந்தது குமிழன் என்ற நீர்நாய்.

குமிழன் மூச்சு வாங்க மேலே வரும்போதெல்லாம் துளையின் ஓரத்தைக் கடித்து அகலப்படுத்திவிட்டுப் போகும். அதற்கு ஈடாக நாரை மேலே காவல் நிற்கும். நரியின் தலை தெரிந்தால் கத்தும். இப்படியே இருவர் பிழைப்பும் ஓடியது.

ஆனால் நாரை மீன் குத்துவது உச்சிப்பொழுதில் மட்டும்தான். சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போதுதான் வெளிச்சம் துளைக்குள் நேராக இறங்கும். கெண்டை எது, குமிழனின் மீசை எது என்று அடிவரை தெரியும். மற்ற நேரத்தில் அந்தத் துளைக்குள் ஒன்றுமே தெரியாது.

ஒருநாள் சாம்பலன் என்ற நரி எட்டத்தில் வந்து உட்கார்ந்தது.

"என்ன நாரையக்கா, இவ்வளவு நீள மூக்கை வெச்சுக்கிட்டு பொடிமீனையே குத்திக்கிட்டு இருக்கே?"

"மத்தியானத்துல அதுதானே வருது."

"பெருசெல்லாம் அந்தியிலதான் மேல வரும். ஒருநாள் நின்னு பாரேன்."

"இருட்டுல கண்ணு தெரியாதே?"

"தண்ணி அசையுறது தெரியும்ல? அசைஞ்சா குத்து. யோசிச்சா போச்சு!"

நரி சொன்னது பொய்யில்லை. பெரிய மீன்கள் அந்தியில் மேலே வரத்தான் செய்யும். அதனால்தான் அந்தப் பேச்சு நாரையின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாழாய்ப்போன ஆசை யாரை விட்டது?

அன்று அந்தியில் நாரை துளையருகே நின்றது. குமிழனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பங்கு கேட்குமோ என்ற எண்ணம். காவலையும் மறந்தது. கண் இரண்டும் துளைக்குள்ளேயே கிடந்தன.

தண்ணீர் அசைந்தது. கீழே ஏதோ பெரிதாகப் புரண்டது. 'குமிழனோ?' என்று நாரைக்கு ஒரு கணம் தோன்றியது. கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். கூப்பிட்டால் மீன் ஓடிவிடுமே! மூக்கு இறங்கியது.

மெத்தென்று தைத்தது. அதில் செதில் இல்லை, ரோமம் இருந்தது. நாரை மூக்கை வெடுக்கென்று உருவியது.

குமிழன் ஒரு கண்ணில் ரத்தம் வழியப் பனிமேல் ஏறி விழுந்தது.

"அக்கா, நரி வந்துடுச்சா? என்னைக் கடிச்சது அதுதானே? எந்தப் பக்கம் நிக்குது, சொல்லுக்கா!"

நாரை தன் மூக்கு நுனியில் இருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. கத்த வேண்டிய நேரம் அதுதான். நிஜமாகவே நரி பின்னால் வந்து நின்றிருந்தது. நாரை கத்தியபோது குமிழன் நரியின் வாயில் இருந்தது. ஒரே கடிதான். எல்லாம் முடிந்துவிட்டது.

"பாவி! பெரிய மீன் வரும்னு சொன்னியே!" என்று நாரை அலறியது.

நரி கரையேறி, இரையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது. "பெருசு வரும்னுதான் சொன்னேன், வந்துச்சு. அது யாருக்குனு நீ கேக்கலையே."

மறுநாள் உச்சிப்பொழுது வந்தது. சூரியன் தலைக்கு மேல் நின்றது. துளை இருந்த இடம் இறுகி மூடிக்கிடந்தது. கண்ணாடி போன்ற பனிக்கு அடியில் கெண்டைகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. நாரை கொத்திக் கொத்திப் பார்த்தது. மூக்கு நுனி உடைந்ததுதான் மிச்சம்.

கண் தெரியாத நேரத்தில் ஆசையை ஏவிவிட்டால், அது முதலில் போய்த் தைப்பது நம்மை வாழவைத்தவர் மேல்தான்.