ஆட்காட்டிக் குருவிக்குப் பேச்சு போன கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சுதான். அப்போது ஆட்காட்டிக் குருவியின் குரல் மிக மென்மையாக இருக்கும்.

பெரிய ஏரி ஒன்றின் கரையில், வெறுந்தரையில் அது நான்கு முட்டைகள் இட்டு அடைகாத்து வந்தது. கரைக்குக் கீழே ஓர் ஊர். அந்த ஆண்டு ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. ஒரு மாலை, குருவியின் வயிற்றுக்கடியில் மண் சில்லிட்டது. எழுந்து பார்த்தால் கரையில் ஒரு விரிசல். கலங்கிய நீர் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு கை நுழையும் அளவுக்கு அகன்றது. மண்ணுக்குள் ஏதோ உறுமியது.

முட்டைகளைத் தூக்கிச் செல்ல வழியில்லை. ஊரார் வந்து அடைத்தால்தான் உண்டு. குருவி பறந்தது.

ஊர்த்தலைவர் கொப்பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"ஐயா, கரை உடையப் போகுது! மண்வெட்டியோட ஓடி வாங்க!"

"எந்தப் பக்கம்?"

"தெற்கு மதகுக்குப் பக்கத்துல."

"தெற்குப் பக்கம் கீழத்தெருக்காரங்க பொறுப்பாச்சே," என்றார் ஒருவர்.

"எவ்வளவு பெரிய விரிசல்?" என்றார் கொப்பையன்.

"ஒரு கை நுழையும்."

"யார் கை? என் கையா, குழந்தை கையா?"

எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷம் அங்கே மண் போட்டது யார் என்று பேச்சு வளர்ந்தது.

குருவி சிவனம்மாள் வீட்டுக்குப் பறந்தது. அவள் பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அக்கா, நீயாவது பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போ."

அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "எதிர் வீட்டுல யாரும் கிளம்பலையே. நான் மட்டும் ஓடினா நாளைக்குச் சிரிக்க மாட்டாங்களா?"

எதிர் வீட்டுக்காரி தன் வாசலில் நின்று இவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருவி கரைக்குத் திரும்பியது. அடைகாத்த இடத்தில் மண்ணே இல்லை. கடைசி முட்டை அதன் கண்ணெதிரே சரிந்து சேற்று நீருக்குள் போனது.

வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. அதுவரை எந்த உயிரும் கேட்டிராத ஓர் அலறல் வந்தது. அப்படியே அலறிக்கொண்டு கூரைகளின் மேல் தாழப் பறந்தது.

அந்த அலறலில் தெற்கு இல்லை, மதகு இல்லை, கேள்வி கேட்க ஒன்றுமே இல்லை. சிவனம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து எதிர் வீட்டுக்காரி ஓடினாள். கொப்பையன் சோற்றுக் கையோடு, எதற்கு ஓடுகிறோம் என்றே தெரியாமல் ஓடினார். கடைசி ஆள் பாறைமேட்டில் கால் வைத்தபோது கரை உடைந்தது. ஊர் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் சுழன்றது.

நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் கொப்பையன் குருவியைக் கடிந்துகொண்டார். "முதல்லயே இப்படிக் கத்தியிருக்கக் கூடாதா? நிதானமா வந்து சொன்னா யார் நம்புவா?"

பதில் சொல்லக் குருவி வாயைத் திறந்தது. மறுபடி அலறல்தான் வந்தது. மேட்டில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள்.

அன்று போன பேச்சு ஆட்காட்டிக்குத் திரும்பவே இல்லை. நீர்க்கரையில் மனிதத் தலை தெரிந்தால் போதும், இன்றைக்கும் அது அலறுகிறது. நாமும் ஏன் என்று கேட்காமல் ஒரு கணம் நடுங்கி நிற்கிறோம்.