இரண்டாவது சிடி

தூத்துக்குடியில் லூர்தையா என்றொருவர் இருந்தார். மனைவி ரெஜினா இறந்தபின் அவருக்கு எதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆட ஆளில்லை. கம்ப்யூட்டரோடு ஆடலாம் என்று யாரோ சொல்ல, அடுத்த தெருவில் வகுப்பு நடத்திய ஜுலைகாவிடம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அவர் மகள் வயதுதான். இருந்தாலும் டீச்சர் என்றே கூப்பிடுவார்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் சதுரங்கத்தை இன்ஸ்டால் செய்யப் போனால் பாதியிலேயே நின்றது. அணைத்துப் போட்டுப் பார்த்தார். பழைய படங்களை அழித்து இடம் பண்ணிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் டீச்சரையே அழைத்து வந்தார்.

"என்ன எரர் வருது அண்ணாச்சி?"

"அத யாரு படிச்சா? வந்ததுமே மூடிருவேன்."

"இப்ப மூடாதீங்க. படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். வேறொரு மென்பொருள் பாதி ஏறி நிற்கிறது, முதலில் அதை முடிக்கவும் என்று இருந்தது. கீழே அதன் பெயர். அங்கே வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எம்பிராய்டரிக்குப் பூ வரையுறது டீச்சர். ரெஜினா ஆசையா வாங்கினா. முதல் சிடியைப் போட்டா. அடுத்ததப் போடுறதுக்குள்ள நெஞ்சு வலிக்குதுன்னா."

ஜுலைகா திரையிலிருந்த பெயரை இன்னொரு முறை பார்த்தாள்.

"அழிச்சிருங்க" என்றார் லூர்தையா. "இனி யாரு தைக்கப் போறா?"

"அடுத்த சிடி எங்க?"

தையல் மெஷின் டிராயரிலிருந்து எடுத்து வந்தார். மேலுறைகூடப் பிரியவில்லை.

"எனக்குத் தையலே தெரியாதே டீச்சர்."

"தெரிய வேண்டாம். போடுங்க."

உறையைக் கிழிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. சிடி உள்ளே போனது. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு நிறைந்ததும் யார் பெயரில் பதிய என்று ஒரு பெட்டி கேட்டது. அவர் ஜுலைகாவைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லூர்தையா ஒற்றை விரலால் மனைவியின் பெயரை அடித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் சதுரங்கம் தடையில்லாமல் ஏறியது. திரையில் காய்கள் வரிசையாக வந்து நின்றன.

ஜுலைகா செருப்பை மாட்டும்போது லூர்தையா கேட்டார்: "டீச்சர், அவ போட்டத அழிச்சிருந்தாலும் சதுரங்கம் ஏறியிருக்கும்தானே?"

"ஏறியிருக்கும் அண்ணாச்சி. நீங்க ஆடியிருக்க மாட்டீங்க."