கல் உட்கார்ந்த மேடு

அந்தக் காலத்தில் கல்லுக்கு நடை உண்டு. இன்றைக்குப் பொட்டலில் நிற்கும், நாளைக்கு ஓடைக்கரையில் கிடக்கும். ஒரு இடத்தில் இரு என்றால் உடம்பெல்லாம் அரிக்கும் அதுகளுக்கு. பேச்சும் உண்டு, எல்லாம் போகிற போக்கில் பேசுகிற பேச்சுதான்.

அந்தப் பொட்டலில்தான் ஆவிரையின் புருஷன் ஆதனைப் புதைத்தார்கள். கூட வந்த சனம் பானையையும் ஈட்டியையும் உள்ளே வைத்து, மண்ணைத் தள்ளி மேடாக்கிவிட்டு வீடு திரும்பியது. ஆவிரை போகவில்லை. "இனி எனக்கு ஏது போக்கிடம்? இவர் பக்கத்துலயே இருந்து நானும் மண்ணாப் போறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார விட்டதா அந்தப் பொட்டலில் வளை தோண்டித் திரிந்த ஒரு பெருச்சாளி? கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், பிறாண்டுகிற சத்தம். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் மண் பறக்கும்.

"அட பாவி! செத்த மனுஷனையா திங்கப் பாக்குற?"

"ஐயோ, திங்க இல்ல தாயி. இவரு யாரு, எப்படிச் செத்தாரு, பானைக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? பாத்துட்டு அப்படியே வச்சிடுறேன்."

தின்ன வந்ததாவது வயிறு நிறைந்தால் போய்விடும். தெரிந்துகொள்ள வந்ததை என்ன செய்வது? அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் ஒட்டவில்லை. கையில் குச்சியோடு மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கடைசியில் அந்த வழியே போன கற்களை மறித்தாள். "அண்ணே, இவரைச் சுத்திக் கொஞ்சம் உட்காருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நாங்களா? நல்லாச் சொன்ன போ!" என்றது மூத்த கல். "எங்க காலுல இருக்குற தவிப்பை யாராச்சும் வாங்கிக்கிட்டா உட்காருவோம். ஆனா வாங்கினவங்க அப்புறம் ஓரிடத்துல தங்க முடியாது, பாத்துக்க."

ஆவிரை மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அங்கே ஒரு வால் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"குடுங்க, நானே வாங்கிக்கிறேன்!"

சொல்லி வாய் மூடவில்லை, கற்கள் மேட்டைச் சுற்றி வட்டமாகத் தொப்பென்று உட்கார்ந்தன. தரை அதிர்ந்த அதிர்ச்சியில் பெருச்சாளி வெளியே துள்ளி விழுந்து ஓடியே போனது. அப்பாடா என்று ஆவிரை அவன் தலைமாட்டில் உட்காரப் போனாள். கால் கேட்கவில்லை. ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், கால்களைத் திட்டித் தீர்த்தாள். அவை பாட்டுக்கு அவளை இழுத்துக்கொண்டு நடந்தன.

அன்று முதல்தான் கல் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. பெருச்சாளியின் ஆசை மட்டும் மனுஷருக்குத் தொற்றிக்கொண்டது. இப்போது அந்த மேட்டைக் கயிறு கட்டி அளந்து தோண்டுகிறார்கள், மண்ணைச் சலிக்கிறார்கள், தூரிகையால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்கள். கல்வட்டத்துக்குள்ளே பானை கிடைக்கிறது, ஈட்டி கிடைக்கிறது, ஆதனும் கிடைக்கிறான். பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டவள் மட்டும் கிடைப்பதில்லை.