தோண்டிப் பார்க்க ஒரு விதை

முன்னொரு காலத்தில், ஓரிடத்தில் அரை நாழிகைகூட உட்காரத் தெரியாத ராஜா ஒருவர் இருந்தார். சோறு வேகுமுன் பானையைத் திறப்பார். பட்டறையில் வாள் ஆறுமுன் தொட்டுக் கையைச் சுட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு அவரைக்கொடி வளர்க்கும் ஆசை வந்துவிட்டது!

அரண்மனை விகடகவி உலகப்பன் வீட்டில் ஒருநாள் ஊதா விளிம்பு அவரைக்காய்ப் பொரியல் சாப்பிட்டதுதான் காரணம். உலகப்பன் மனைவி வீராயி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து, வருடம் தவறாமல் விதையெடுத்துக் காத்த கொடி அது. ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. ராஜா பாதி விதையைக் கேட்டு வாங்கித் தம் கையாலேயே ஊன்றினார். அன்று மாலையே தோண்டிப் பார்த்தார். மறுநாள் இரண்டு தடவை. ஆறாம் நாள் எல்லாம் அழுகிவிட்டன.

தோட்ட அதிகாரி தாண்டவராயருக்கு உலகப்பனைக் கண்டாலே வயிறு எரியும். ஊன்றாமல் மிஞ்சிய ஒரு விதையை நீட்டினார்.

"அரசே, சாம்பலைப் பாருங்கள். அடுப்பில் வறுத்த விதையைத் தந்து ஏமாற்றியிருக்கிறான்."

ராஜா குதித்தார். "உலகப்பா, உன் வீட்டில் மிச்சமுள்ள விதைகளை இங்கே ஊன்று. நாள்தோறும் தோண்டி விதையைப் பார்ப்பேன். எட்டாம் நாள் முளையையும் பார்க்க வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டு ஓடிவிடு!"

வீட்டில் இருந்தது ஏழே விதை. வீராயி ஒவ்வொன்றாக எண்ணி உலகப்பன் கையில் வைத்தாள்.

"எந்த நாட்டுக்குப் போனாலும் பொழச்சுக்கலாம். இது ஏழும் போச்சுன்னா எங்கம்மா வீட்டு அவரை பூண்டோட போச்சு. அந்த மனுசன் கையக் கட்டிப்போட முடியுமா உங்களால?"

"கட்ட முடியாது புள்ள. வேற வேலை குடுக்கலாம். ரெண்டு பிடி மொச்சை வறு."

எட்டு நாளும் ராஜா தோண்டினார். விதை விதையாகவே இருந்தது. பாத்தியின் ஓரத்தில் ஒரு மூங்கில் கூடை கவிழ்ந்து கிடந்ததை அவர் கவனிக்கவே இல்லை. எட்டாம் நாள் தாண்டவராயர் துள்ளினார்.

"முளை எங்கே? வறுத்த விதை என்று அன்றே சொன்னேனே!"

"வறுத்ததுதான் ஐயா," என்றான் உலகப்பன். "அரசர் தோண்டுவதற்கென்றே தினமும் புதிதாக வறுத்துப் புதைத்த மொச்சை அது. விதையைப் பார்க்க வேண்டும் என்றார், பார்த்துவிட்டார். முளையையும் பார்க்க வேண்டும் என்றார். இதோ." கூடையைத் தூக்கினான். விதைத்தோலைத் தலையில் சுமந்தபடி ஏழு முளைகள் நின்றன. "எங்கள் விதையில் இருந்த சாம்பலோ, வண்டு அரிக்காமலிருக்கப் போட்டது. தோட்ட அதிகாரிக்கே இது தெரியாதது எனக்கு வருத்தம்தான்."

அதற்குள் ராஜாவின் கை தானாக ஒரு முளையை நோக்கிப் போனது. உலகப்பன் அந்தக் கையில் வறுத்த மொச்சையைக் கொட்டினான். ராஜா வாயில் போட்டு மென்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வீராயிக்கென்று கொடுத்தார். முதலில் முற்றும் காய்கள் அவளுக்கே விதைக்கு என்றார். "தாண்டவராயரே, தை மாதம் வரை இந்தப் பாத்திக்கு நீங்கள்தான் காவல். தோண்ட வருவது நானே ஆனாலும் விடக்கூடாது!"

மறுநாள் காலை தாண்டவராயர் கூடையைக் கட்டிப்பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்திருந்தார். எதிரே நின்று ராஜா கெஞ்சிக்கொண்டிருந்தார்:

"ஒரே ஒரு தடவை, ஐயா!"